சுவரில் ஒரு துளை, கையில் நான்கு கருவிகள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)



செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, "ஓட்டல் அறையில் வைஃபை இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பத்து நிமிடம் சொல்லுங்கள்" என்றார். இது ஒரு பேச்சுக்கான விஷயமா என்று எனக்கே சந்தேகம் இருந்தது. ஆனால் போன வருடம் ஜூலை மாதம் நல்லம்பள்ளியில் ஒரு மதியம் முழுக்க நான் பட்ட பாட்டை லிஃப்டில் நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறேன். நான்கு பேருமே, "எங்கள் வீட்டிலும் சுவரில் அந்தத் துளை இருக்கிறது, அது எதற்கு?" என்று கேட்டார்கள். அதனால் ஓட்டலில் தொடங்கி நம் வீட்டுச் சுவரில் முடிக்கிறேன்.

ஓசூரிலிருந்து சேலம், நாமக்கல் பக்கம் போகிற எல்லோருக்கும் அந்தச் சாலை தெரியும். கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டினால் நல்லம்பள்ளி. அதற்குப் பிறகு பாளையம் சுங்கச்சாவடி, அப்புறம் தொப்பூர் கணவாய் இறக்கம். கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் பின்னால் வருகிறவர்களுக்கு அன்றைய நாள் போயிற்று. அன்று அதுதான் நடந்தது. காலை எட்டரைக்கு இங்கிருந்து கிளம்பினோம். நான், மனைவி, மகள், மாமியார். மதியச் சாப்பாட்டுக்கு நாமக்கல்லில் மச்சினர் வீட்டில் இருக்க வேண்டும் என்பது திட்டம். பதினொன்றேகாலுக்குச் சுங்கச்சாவடிக்கு முன்பே வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன.

சாதாரண நாளாக இருந்தால் புளிசாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுக் காத்திருப்போம். அன்று ஒரு வேலை இருந்தது. மகளுக்குப் பொறியியல் கலந்தாய்வு. தற்காலிக ஒதுக்கீடு வந்துவிட்டது. அதை ஏற்பதா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பதா, மறுப்பதா என்று இணையத்தில் உறுதி செய்யக் கடைசி நாள் அன்று, மாலை 5 மணி. உறுதி செய்யாவிட்டால் கிடைத்த இடம் கையை விட்டுப் போகும். முந்தின நாளே செய்திருக்கலாம். மச்சினர் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், அவரிடம் நேரில் கேட்டு முடிவு செய்யலாம் என்று தள்ளிப்போட்டது நான்தான். 2018-க்கு முன்னால் இந்தக் கலந்தாய்வுக்குக் குடும்பத்தோடு கிண்டிக்குப் போய் அண்ணா பல்கலைக்கழகத்தில் உட்கார வேண்டும். இணையத்துக்கு மாறியது எவ்வளவோ நல்லது. ஆனால் இணையம் இருக்கிற இடத்தில் நாம் இருக்க வேண்டுமே.

போனில் நெட் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, நகரவில்லை. ஒரு செல்பேசிக் கோபுரத்துக்கு உட்பட்ட சாலையில் நூற்றுக்கணக்கான வண்டிகள் நின்று, உள்ளே இருக்கிற அத்தனை பேரும் போனை எடுத்தால் இருக்கிற அலைவரிசையை எல்லோரும் பங்கு போட வேண்டியதுதான். திரையில் கோடுகள் நான்கும் முழுசாகத் தெரியும், பக்கம் மட்டும் திறக்காது. கோடு காட்டுவது சிக்னல் பலத்தை, கூட்டத்தை அல்ல. இதில் ஒரு வேடிக்கை, எஸ்எம்எஸ் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அது டேட்டா போகும் வழியில் போவதில்லை, அதனால் ஓடிபி பற்றிக் கவலை இல்லை. ஓடிபியைப் போட வேண்டிய பக்கம்தான் திறக்கவில்லை.

மாமியாருக்கு முழங்கால் வலி, காரில் இதற்கு மேல் உட்கார முடியவில்லை. ஒரு மணிக்கு மேல் சர்வீஸ் ரோட்டைப் பிடித்து மெதுவாகத் திரும்பி, நல்லம்பள்ளி அருகே ஒரு லாட்ஜில் அரை நாளுக்கு அறை எடுத்தோம். அறைக்குள் நுழையும்போது மணி 2.10.

"தம்பி, வைஃபை பாஸ்வேர்டு?"

"வைஃபை இல்லீங்க சார். முன்ன இருந்துச்சு. பாஸ்வேர்டு ஊரெல்லாம் போயிருச்சு, சாயங்காலம் ஆனா வாசல்ல இருபது பசங்க உட்கார்ந்து படம் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஓனர் கழட்டச் சொல்லிட்டாரு. ரூம்ல ஒயர் நெட்டு இருக்குதுங்க, டிவி பின்னாடி."

டிவிக்குப் பின்னால் இருந்தது. சுவரில் ஒரு சதுரத் துளை. லேப்டாப் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் விற்பனைப் பிரதிநிதிகளுக்காக ஒரு காலத்தில் போட்டது. அந்தக் காலத்து லேப்டாப்பில் எல்லாம் லேன் கேபிள் செருகும் இடம் இருக்கும். மகளுடைய லேப்டாப் ஒரு நோட்டுப் புத்தகம் தடிமன்தான், அந்தக் கேபிளின் முனையே அதைவிடத் தடிமன். எங்களிடம் மொத்தம் மூன்று போன், ஒரு லேப்டாப். நான்கில் ஒன்றுக்கும் அந்தத் துளைக்குள் நுழைய வழி இல்லை.

ரிசப்ஷனில் இருந்த கம்ப்யூட்டரில் செய்திருக்கலாமே என்று மனைவியும் கேட்டாள். எனக்கு அதில் இஷ்டமில்லை. யார் யாரோ பென் டிரைவ் செருகிய கம்ப்யூட்டர் அது. அதில் தட்டுகிற பாஸ்வேர்டு எங்கே பதிவாகிறது என்று நமக்குத் தெரியாது. ஆனால் பிடிவாதமும் பிடிக்கவில்லை. 3.45 வரை நான் முயற்சி செய்வது, ஆகாவிட்டால் மகளை அழைத்துக்கொண்டு பத்து கிலோமீட்டர் பின்னால் தருமபுரிக்குப் போய் ஏதாவது பிரவுசிங் சென்டரைத் தேடுவது என்று பேசி வைத்துக்கொண்டோம்.

இப்படி மாட்டிக்கொண்டால் என்னென்ன வழி உண்டு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அன்று இவற்றில் எதுவும் என் பையில் இல்லை.

மிகவும் எளியது, யுஎஸ்பியிலிருந்து லேன் கேபிளுக்கு மாற்றும் சின்ன அடாப்டர். கட்டைவிரல் அளவுதான். விரலளவு டைப்-சி முனை உள்ளதாக வாங்கினால் புது லேப்டாப்புகளுக்கும், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களுக்கும், டைப்-சி வைத்த ஐபோன்களுக்கும் ஒன்றே போதும். போனில் செருகலாம் என்பதே பலருக்குத் தெரியாது. செருகினால் ஆண்ட்ராய்டு போனில் மேலே வைஃபை குறிக்குப் பதிலாக வேறொரு குறி வரும், அவ்வளவுதான்.

லேப்டாப்பில் கேபிள் செருகிவிட்டால் அந்த லேப்டாப்பையே வைஃபை பெட்டியாக்கலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போனால் மொபைல் ஹாட்ஸ்பாட் என்று இருக்கும். எதிலிருந்து எடுப்பது என்ற இடத்தில் ஈதர்நெட், எதன் வழியாகக் கொடுப்பது என்ற இடத்தில் வைஃபை. எட்டுக் கருவிகள் வரை இணையலாம். மேக் வைத்திருப்பவர்கள் சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் ஷேரிங், அதற்குள் இன்டர்நெட் ஷேரிங். லேப்டாப் தூங்கிவிட்டால் எல்லோருக்கும் நெட் போய்விடும், அதனால் சார்ஜரைச் செருகி, மூடாமல் வையுங்கள். அலுவலக லேப்டாப்பாக இருந்தால் கம்பெனி இந்த வசதியைப் பூட்டி வைத்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டிலேயே ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

அடிக்கடி வெளியூரில் தங்குகிறவர்களுக்கு டிராவல் ரூட்டர் நல்லது. சீட்டுக்கட்டு அளவில் டிபி-லிங்க், ஜிஎல்.ஐநெட் போன்றவர்கள் செய்கிறார்கள். போன் சார்ஜரிலேயே ஓடும். ஒரு பக்கம் சுவர்க் கேபிள், மறு பக்கம் உங்கள் சொந்த வைஃபை. இதில் எனக்குப் பிடித்தது, ஒருமுறை பெயரும் பாஸ்வேர்டும் வைத்துவிட்டால் எந்த ஊர் ஓட்டலுக்குப் போனாலும் வீட்டார் போன்கள் தானாகவே இணைந்துகொள்ளும். சில ஓட்டல்களில் அறை எண்ணும் பெயரும் கேட்கும் பக்கம் ஒன்று வரும், ஓர் அறைக்கு ஒரு கருவிதான் என்று கட்டுப்பாடும் இருக்கும். ரூட்டர் வழியாகப் போனால் ஓட்டலின் கண்ணுக்குத் தெரிவது ரூட்டர் என்ற ஒரே கருவி. எந்தப் போனிலிருந்தாவது ஒருமுறை அந்தப் பக்கத்தை நிரப்பினால் எல்லோருக்கும் திறந்துவிடும். ஆனால் ஒரு கருவிக்குத்தான் அனுமதி என்று எழுதிப் போட்டிருக்கும் இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு கதையும் உண்டு. அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் மேரியட் நிறுவனம் நடத்திய ஒரு பெரிய ஓட்டல், மாநாட்டுக்கு வந்தவர்கள் தங்கள் போன் ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்த முடியாதபடி குறுக்கே சிக்னல் அனுப்பி அறுத்துக்கொண்டிருந்தது. ஓட்டல் வைஃபைக்குக் கண்காட்சிக்காரர்களிடம் வாங்கிய கட்டணமோ ஒரு கருவிக்கு 250 டாலரிலிருந்து 1,000 டாலர் வரை. 2014 அக்டோபரில் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் தலையிட, 6 லட்சம் டாலர் அபராதம் கட்டினார்கள். நல்லம்பள்ளித் தம்பி எனக்குச் செய்த உதவியை நினைத்தால் இது அதிகமாகவே உறைக்கிறது.

அதற்கு வருகிறேன். "பழைய வைஃபை பெட்டியை என்னப்பா செஞ்சீங்க?" என்று கேட்டேன். "அது வேலைக்காவாதுங்க சார், லேண்ட்லைன் இருந்தப்ப வந்தது. இப்ப ஃபைபர் வந்துருச்சு" என்றபடி ரிசப்ஷன் மேசைக்கு அடியிலிருந்து தூசியோடு எடுத்து வந்தான். டெலிபோன் ஒயரில் பிராட்பேண்ட் வந்த காலத்து மோடம். பின்னால் டெலிபோன் ஒயருக்கு ஒரு சின்னத் துளை, லேன் கேபிளுக்கு நான்கு பெரிய துளைகள், மேலே ஒரு ஆன்டெனா.

இந்தப் பெட்டி உங்களில் பாதிப் பேர் வீட்டுப் பரணில் இருக்கிறது. டெலிபோன் லைன் போனதோடு இதுவும் செத்துவிட்டது என்று நினைக்கிறோம். செத்தது அந்தச் சின்னத் துளையின் வேலை மட்டும்தான். வைஃபை கொடுக்கும் பகுதி அப்படியே உயிரோடு இருக்கிறது. பெரிய துளைகளில் ஒன்றில் சுவர்க் கேபிளைச் செருகினால், கம்பியில் வருவதைக் காற்றில் விடும் பெட்டியாக அது மாறிவிடும். அதற்கு முன் இரண்டு மாற்றம் செய்ய வேண்டும். அந்த இரண்டைத்தான் நான் அவசரத்தில் மறந்தேன்.

முதலில் மின்சாரம். மோடத்துக்கு அடாப்டர் இல்லை. அடியில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று போட்டிருந்தது. அறை டிவியின் செட்டாப் பாக்ஸ் அடாப்டரைப் பார்த்தேன், அதுவும் 12 வோல்ட், ஒன்றரை ஆம்பியர், முனையும் பொருந்தியது. வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், பிளஸ் மைனஸ் படமும் ஒத்துப்போக வேண்டும். முனை நுழைகிறது என்பதற்காக எதையாவது செருகி நான் வீட்டில் ஒரு பெட்டியைப் புகைய விட்டிருக்கிறேன்.

பிறகு கேபிள். தம்பி ஒன்று கொண்டு வந்தான், முனையில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தது. சிகரெட் அட்டையை மடித்து இடுக்கில் வைத்து நிறுத்தினோம். செருகியும் விளக்கு எரியவில்லை. இதை நினைவில் வையுங்கள், துளைக்குப் பக்கத்தில் அல்லது பெட்டியின் முகப்பில் ஒரு சின்ன விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் நீங்கள் செட்டிங்ஸில் என்ன செய்தாலும் பயனில்லை, கம்பியின் மறுமுனை எங்கேயும் இணைக்கப்படவில்லை என்று அர்த்தம். தம்பி கீழே ஓடி, ரிசப்ஷன் மேலே இருந்த ஸ்விட்ச் பெட்டியில் எங்கள் அறை எண் எழுதிய கேபிளைத் தேடிச் செருகினான். விளக்கு எரிந்தது. பழைய பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை, மகளின் துப்பட்டாவில் இருந்த ஊக்கைக் கழற்றிப் பின்னால் இருந்த ரீசெட் ஓட்டையில் பத்து விநாடி அழுத்தினேன். ஒட்டியிருந்த சீட்டில் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இருந்தன. மகளின் லேப்டாப் இணைந்தது. நெட் வரவில்லை.

இரண்டு நிமிடத்தில் கதவைத் தட்டினார்கள். பக்கத்து அறையில் தங்கியிருந்த மருந்துக் கம்பெனி ரெப். அவரும் கணவாய் திறக்கக் காத்திருந்தவர்தான். "சார், உங்க ரூம்ல ஏதாவது பண்றீங்களா? நல்லா வந்துட்டிருந்த நெட்டு பொசுக்குன்னு போயிருச்சு. ஆர்டர் அனுப்பிட்டிருக்கேன்." மணி 3.15.

நடந்தது இதுதான். ஒரு கட்டடத்தில் இரண்டு வீட்டுக்கு 101 என்று ஒரே எண் எழுதி வைத்தால் கூரியர்க்காரர் என்ன செய்வார்? நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி உண்டு. இந்த மாதிரி வீட்டு மோடங்கள் பலவற்றுக்கும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வைத்த முகவரி 192.168.1.1. ரீசெட் செய்ததும் என் மோடம் அந்த முகவரிக்குத் திரும்பியது. லாட்ஜின் உண்மையான ரூட்டருக்கும் அதே முகவரி. ரெப்புடைய லேப்டாப் வெளியே போக வழி கேட்டு அந்த முகவரியைக் கூப்பிட, என் மோடம் "நான்தான்" என்று கை தூக்கிவிட்டது. அதற்கோ வெளியே போக வழியே இல்லை.

இரண்டாவது தவறு, டிஎச்சிபி. புதிதாக வருகிற கருவிக்கு முகவரி எழுதிக் கொடுக்கும் வேலைக்கு அந்தப் பெயர். ஒரு கட்டடத்துக்கு ஒரு வாட்ச்மேன் டோக்கன் கொடுத்தால் போதும். என் மோடமும் இன்னொரு வாட்ச்மேனாக நின்று தவறான டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தது. மகளின் லேப்டாப்புக்கு நெட் வராததற்குக் காரணமும் அதுவே.

கேபிளைப் பிடுங்கினேன். ரெப்பிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை, விஷயம் தெரிந்ததும் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். அவர் தங்கை மகளும் கலந்தாய்வில் இருக்கிறாளாம். இந்த முறை கேபிள் இல்லாமல், மோடத்தின் வைஃபையில் மட்டும் இணைந்து, பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டி உள்ளே போனேன். மோடத்தின் முகவரியை 192.168.1.250 ஆக்கினேன். டிஎச்சிபியை அணைத்தேன். வைஃபை பாதுகாப்பை டபிள்யூபிஏ2-வில் வைத்துப் புதுப் பாஸ்வேர்டு போட்டேன். சேமித்து, மோடம் மறுபடி எழுந்த பிறகுதான் சுவர்க் கேபிளைச் செருகினேன். இந்த வரிசை முக்கியம், முகவரி மாற்றம், டிஎச்சிபி அணைப்பு, அப்புறம்தான் கேபிள். மகள் மறுபடி இணைந்தாள். இந்தத் தடவை டோக்கன் கொடுத்தது லாட்ஜ் ரூட்டர். 3.35-க்குப் பக்கம் திறந்தது.

போனில் மச்சினரைப் பிடித்து ஐந்து நிமிடம் பேசினோம். ஏற்றுக்கொண்டு, மேல் விருப்பத்துக்கும் காத்திருப்பது என்று மகளே முடிவு செய்தாள். ஓடிபி வந்தது, போட்டாள், உறுதியானதற்கான பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமித்தாள். மணி 3.50. மாமியார் அதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, "இவ்வளவு நேரம் என்னத்தை நோண்டிட்டிருந்தீங்க மாப்ளே?" என்று கேட்டார்.

இனி பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம். நான் செய்த முறையில் மோடம் வெறும் பாலம்தான், அறையில் உள்ள கருவிகள் எல்லாம் லாட்ஜின் பொது நெட்வொர்க்கில்தான் இருக்கின்றன. பக்கத்து அறைக்காரர் லேப்டாப்பும் உங்கள் லேப்டாப்பும் ஒரே தெருவில். விண்டோஸ் முதல்முறை கேட்கும்போது பப்ளிக் நெட்வொர்க் என்று தேர்ந்தெடுங்கள், பகிர்ந்த கோப்புகள் அடுத்தவருக்குத் தெரியாது. டிராவல் ரூட்டரை ரூட்டர் முறையில் வைத்தால் நடுவில் ஒரு மதில் கிடைக்கும், அதுதான் மேல். கம்பியில் வருவதால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். ஓட்டல் நெட்வொர்க்குகளுக்குள் புகுந்து குறிப்பிட்ட விருந்தினர்களைக் குறிவைத்த ஒரு கூட்டத்தைப் பற்றி 2014 நவம்பரில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் 'டார்க்ஹோட்டல்' என்ற பெயரில் அறிக்கை வெளியிட்டது. விருந்தினர் நெட்டில் இணைந்ததும், மென்பொருளைப் புதுப்பியுங்கள் என்று ஒரு போலி அழைப்பு வரும், அதுதான் தூண்டில். வெளியூர் நெட்டில் எந்த அப்டேட்டையும் அழுத்தாதீர்கள், வீட்டுக்கு வந்து செய்துகொள்ளலாம்.

பாஸ்வேர்டு இல்லாமல் வைஃபையைத் திறந்து விடுவது அதைவிட மோசம். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் வீட்டின் பூட்டாத வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. போலீஸ் முதலில் போய் நின்றது அந்த வீட்டு வாசலில். அதற்குப் பிறகு 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. நல்லம்பள்ளி ஓனர் பெட்டியையே கழற்றியதை அன்று நான் குறை சொன்னேன். யோசித்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் கழற்றுவதற்குப் பதில் வாரம் ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றினால் போதும் என்று தம்பியிடம் சொல்லி, மாற்றும் முறையைச் சாப்பாட்டு பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நம் கட்டடத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் ஹாலிலும் படுக்கையறையிலும் அதே சதுரத் துளை இருக்கிறது. பலர் அதை டெலிபோனுக்கு என்று நினைத்து அலமாரியை வைத்து மறைத்துவிட்டோம். அது லேன் கேபிள்தான், கதவுக்கு மேலே இருக்கும் சின்னப் பெட்டிக்குப் போகிறது. அங்கே பெரும்பாலும் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், யாரும் இணைத்திருக்க மாட்டார்கள். ஃபைபர் பெட்டி ஹாலில், பையனின் மேசை கடைசி அறையில், நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர். வைஃபை வரவில்லை என்று இணைய நிறுவனத்துக்குப் போன் மேல் போன் போடுகிறோம். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரில் சீக்கிரம் செத்துவிடும், 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சுவருக்குள் ஏற்கெனவே கிடக்கும் கம்பியை உயிர்ப்பித்து, கடைசி அறையில் பரணிலிருந்து இறக்கிய பழைய பெட்டியை வைத்தால், புதிதாக எதுவும் வாங்காமலே வேலை முடியும். நான் சொன்ன அதே இரண்டு மாற்றத்தோடு.

ஒரு விஷயம் மட்டும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்குங்கள். அந்தக் கேபிளுக்குள் எட்டு ஒயர் இருக்கும். நான்கை மட்டும் இணைத்தாலும் நெட் வரும், ஆனால் 100 எம்பிபிஎஸ் தாண்டாது. எட்டையும் இணைத்தால் 5இ வகைக் கேபிளிலேயே 1 ஜிபிபிஎஸ் வரை, 100 மீட்டர் தூரத்துக்கு ஓடும். 200, 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு 95-க்கு மேல் ஏறவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் முதலில் அந்த எட்டை எண்ணிப் பாருங்கள். என் வீட்டில் நான்குதான் இருந்தது.

கடைசியாக, நம் விருந்தினர் அறை. முதல் தளத்தில் அந்த அறைக்கு ஒரு கேபிள் போகிறது, வைஃபை இல்லை. போன மாதம் கல்யாணத்துக்கு வந்து தங்கியவர்கள் செக்யூரிட்டியிடம் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சங்க அலுவலக நெட்டிலிருந்து அங்கே தனி இணைப்பு கொடுக்கலாம் என்று செயலாளர் சம்மதித்திருக்கிறார். அது அலுவலகக் கம்ப்யூட்டரோடு கலக்காமல் தனி ரூட்டரில் இருக்கும், பாஸ்வேர்டு ஒவ்வொரு விருந்தினருக்கும் மாறும், சாவி வாங்கும் புத்தகத்திலேயே எழுதிக் கொடுப்போம். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அங்கே உட்கார்ந்து செய்யப்போகிறேன். பரணில் பழைய மோடம், ரூட்டர் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள், உயிர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். தயவுசெய்து அடாப்டரோடு கொண்டு வாருங்கள். அடாப்டர் இல்லாத பெட்டி என்னிடமே ஏற்கெனவே நான்கு இருக்கிறது.